வாரிசு யார் என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ராசிபுரம், நாமக்கல் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். பிள்ளை இல்லாமல் இறந்துபோனவர்களின் சொத்தைக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். "ஏனுங்க, இது பங்காளிக்குத்தானுங்களே?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "அவங்களுக்கு இந்த நிலம் யார் வழியா வந்துச்சுங்க?" பாதிச் சிக்கல் அந்தப் பதிலிலேயே அவிழ்ந்துவிடும்.

சொத்து வந்த வழி

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15வது பிரிவுப்படி, பிள்ளையில்லாத பெண்ணுக்குப் பெற்றோர் வழி வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். கணவர், மாமனார் வழி வந்தது கணவரின் வாரிசுகளுக்கு. அவரே சம்பாதித்தது? கூடப்பிறந்த தங்கைக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் கணவரும் இல்லையென்றால், கணவரின் வாரிசுகளுக்கே முன்னுரிமை. மில்லில் உழைத்து வாங்கிய வீடு, கடைசிவரை கஞ்சி ஊற்றிய தங்கையைத் தாண்டிக் கொழுந்தனுக்குப் போகும்.

சொத்து வந்த வழி ஏன் முக்கியம் என்பதற்கு 'அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி' வழக்கை அடிக்கடி எடுத்துச் சொல்வேன். 1938இல் கோர்ட் ஏலத்தில் வாங்கிய நிலம். வாங்கியவருக்கு ஒரே மகள். அவரும் 1967இல் பிள்ளையில்லாமல் இறந்தார். ஆண் பங்காளி தனக்குத்தான் என்றார். பெரியப்பா சித்தப்பா வழிப் பெண்களுக்கும் பங்குண்டு என்று 1991இல் வழக்கு. 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம், அப்பாவின் சகோதரருடைய ஐந்து மக்களுக்கும், ஆண் பெண் பேதமின்றி, ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று தீர்த்தது.

ஆண்களின் சொத்திலும் ஒரு முடிச்சு உண்டு. மனைவி, மக்கள், பெற்றோர் யாருமில்லாத ஒருவருக்கு உயிரோடு ஓர் அக்காவும், இறந்துபோன தம்பியின் மகனும் இருந்தால், அக்காவுக்கே முழுதும். தம்பி மகன் அடுத்த படியில்தான் நிற்கிறார்.

உறவுக்கு ஆதாரம்

மனைவி, மக்கள் இருந்தால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று சுலபம். உறவு தள்ளிப் போகப் போக, இன்னார்தான் வாரிசு என்று அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்பைக் கோர்ட்டில் வாங்கி வரச் சொல்வதையே அதிகம் பார்த்திருக்கிறேன். அங்கே வாய்வார்த்தை மட்டும் நிற்காது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். இன்னார் மகன் இன்னார் என்று கொடிவழி அதில் இருக்கும். குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டும் உதவும்.

மொய் நோட்டை யாரும் மதிப்பதில்லை. சேந்தமங்கலம் பக்கத்து வீடொன்றில் பரணிலிருந்து இறக்கிய நோட்டில், மூலையில் மஞ்சள் கறை, முதல் வரியில் பிள்ளையார் சுழி, கீழே ஊர்வாரியாகப் பெயர்கள். "பெண்ணின் சின்ன அத்தை, ஆத்தூர், ரூ.11." அப்படி ஓர் அத்தை இருந்ததே இல்லை என்று எதிர்த்தரப்பு சாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஒரு வரி தனியாக வழக்கை ஜெயிக்காது. சாட்சி சொன்னவருக்குப் பக்கபலமாக நின்றது.

போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனவர், லாரியில் போனவர் திரும்பவே இல்லையா? ஏழு வருடம் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கருத சட்டத்தில் இடமுண்டு. அதற்கும் கோர்ட் உத்தரவு வேண்டும். காணவில்லை என்று அன்றே போலீசில் கொடுத்த புகாரின் நகலைத் தொலைத்துவிடாதீர்கள்.

பேங்குப் பணம்

பத்து வருடம் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும்; உரிமை போகாது. 2023இல் வந்த 'உத்கம்' இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றி, எழுத்துக்கூட்டையும் மாற்றிப் பாருங்கள். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கு அதில் வராது, நேரில்தான் கேட்க வேண்டும்.

நாமினி இல்லாவிட்டாலும், தகராறு இல்லையென்றால், 15 லட்சம் வரை (கூட்டுறவு வங்கியில் 5 லட்சம்) எளிய முறையில் தர வேண்டும் என்கின்றன ரிசர்வ் வங்கியின் 2025 விதிகள். அதற்கு மேல் சக்சஷன் சர்டிபிகேட் கேட்கலாம். அது பணத்துக்கும் பங்குக்கும்தான், நிலத்துக்குச் செல்லாது. நாமினியும் பொதுவாகப் பணத்தை வாங்கி வைப்பவர்தான், வாரிசின் உரிமை அழியாது.

ஆள் தேடி வருகிறவர்கள்

"உங்களுக்கொரு சொத்து இருக்கு, பவர் எழுதிக் கொடுங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் வில்லங்கமும் பட்டாவும் எடுத்துப் பாருங்கள். "சர்க்காருக்குப் போயிடும்" என்று அவசரப்படுத்தினாலும் பயம் வேண்டாம். வாரிசே இல்லாதபோதுதான் அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 29வது பிரிவில் சொத்து அரசுக்குச் சேரும். அதையும் கலெக்டர் தாமாக முடிவு செய்ய முடியாது, வாரிசில்லை என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவ்வளவையும் ஒரு தாள் தவிர்த்திருக்கும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சி முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். சார்பதிவாளர் ஆபீசில் பதிந்துவிட்டால் பின்னால் சந்தேகம் கிளப்புவது கடினம். உங்கள் வீட்டில் பிள்ளையில்லாத அத்தையோ சித்தப்பாவோ இருந்தால், சொத்துக்காகப் பேசுகிறாய் என்பார்களே என்று கூச்சப்படாதீர்கள். யாருக்குக் கொடுக்க ஆசை என்று கேளுங்கள். அது நீங்களாக இல்லாவிட்டாலும் எழுதி வைக்க உதவுங்கள்.