லயத்துப் பிள்ளைகளுக்கு, எழுதத் தொடங்குமுன்

நாவலப்பிட்டித் தோட்டங்களில் இருந்துகொண்டு பால்புதுமையினரின் வாழ்வை எழுதவும் நடிக்கவும் அதற்காகப் போராடவும் நினைக்கிற பிள்ளைகளே, இந்தக் கிழவி சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

1. மாசியில் காமன்கூத்துப் பாருங்கள். ரதியாக வேடம் கட்டுவது பெரும்பாலும் ஆண்பிள்ளைதான். மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதே நளினத்தோடு ஒருவன் மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வந்து நின்றால் கேலி செய்வார்கள். ஒரே ஊர் ஏன் இப்படி இரண்டு விதமாக நடக்கிறது என்று எழுதுங்கள். ஆனால் ரதி கட்டியவர்களெல்லாம் பால்புதுமையினர் என்று எழுதிவிடாதீர்கள். அவரவர் வாய்திறந்து சொல்லாத அடையாளத்தை நாம் சூட்டக்கூடாது.

2. லயத்தில் அடுத்த காம்பராவில் இருமினால் நமக்குக் கேட்கும். தோட்டம், டிவிசன், செய்யும் வேலை, இந்த மூன்றையும் எழுதிவிட்டால் பெயரை மறைத்துப் பயனில்லை, ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு அதை முதலில் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால், எவ்வளவு நல்ல கதையானாலும் விட்டுவிடுங்கள்.

3. திருநங்கை எழுத்தாளர் ரேவதியை வாசியுங்கள். தமிழ்நாட்டுத் திருநங்கைகள் பலரிடம் கேட்டுத் தொகுத்த 'உணர்வும் உருவமும்' முதலில் வந்தது. தன் கதையான 'வெள்ளை மொழி' அதற்குப் பிறகுதான். இப்படிப் பலரின் குரலைத் தொகுக்க வேறு நாட்டிலும் காலம் பிடித்தது. அமெரிக்கப் பூர்வகுடிகளில் தன்பாலீர்ப்பாளர்கள் 1975இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களுடைய தொகுப்பு நூல் 1988இல்தான் வந்தது. ஒருவரையொருவர் தேடிச் சேர்வதற்கே அத்தனை காலம் வேண்டியிருக்கிறது. ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' நாவலையும் தேடிப் படியுங்கள். அது கொழும்பு வீட்டுப் பையனின் கதை. லயத்துப் பையனின் கதையை நீங்கள்தான் எழுதவேண்டும்.

4. சட்டம் தெரிந்து பேசுங்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. 1995இல் திருத்தினார்கள், நீக்குவதற்காக அல்ல. பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள். இந்தக் குற்றத்தை நீக்கக் கோரிய சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பினால் மட்டும் பிரிவுகள் நீங்கிவிடவில்லை என்பதையும் மேடையில் சேர்த்தே சொல்லுங்கள்.

திருநர் பிள்ளைகளுக்கு 2016இலிருந்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறது. மனநல வைத்திய நிபுணர் கையொப்பமிட வேண்டும். அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றலாம். 1948இல் பிரசாவுரிமையைப் பறிகொடுத்த சனம் நாம். ஒரு கடதாசி இல்லாவிட்டால் என்ன பாடு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடகம் போடுவதை விட, ஒரு பிள்ளையோடு சான்றிதழ் மாற்றும் கந்தோருக்குத் துணைக்குப் போவது பெரிய வேலை.

5. கண்டியில் கூட்டம் வைத்தால், கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மலைக்குப் போகாமல் வருகிறவருக்கு அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. பதாகைக்குத் துணி வாங்குமுன் அவருடைய நாட்கூலியையும் பஸ் காசையும் எடுத்து வையுங்கள்.