நாசில் தாளைப் படியுங்கள், அப்புறம் ஹெட்டைத் தொடுங்கள்

ஸ்டுடியோக்காரர் யாராவது போன் செய்து பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்றால் நான் கேட்பது ஒன்றுதான்: "நாசில் செக் எடுத்தீங்களா? அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்புங்க." ஹெட்டின் மைத் துளைகளைச் சோதிக்கும் அந்தத் தாள் பெரும்பாலும் வராது. "ஹெட் கிளீனிங் குடுத்துட்டே இருக்கேன், சரியாக மாட்டேங்குது" என்ற பதில்தான் வரும். கோளாறு பெரிதாவது அங்கேதான்.

ஹெட் கிளீனிங் என்ற பட்டனை அழுத்தினால் பிரிண்டருக்குள் என்ன நடக்கிறது? ஹெட்டின் அடியில் ஒரு ரப்பர் மூடி பொருந்துகிறது. சின்ன பம்ப் ஒன்று அந்த மூடி வழியாக ஹெட்டிலிருந்து மையை உறிஞ்சி, அடியில் இருக்கும் வேஸ்ட் பேடுக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான். துளையில் மை காய்ந்திருந்தால் இந்த உறிஞ்சலில் இளகி வரலாம். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் எத்தனை முறை கொடுத்தாலும் மைதான் செலவாகும், பேட் நிரம்பும், சில நேரம் புதிதாகக் காற்றும் உள்ளே ஏறும்.

ஈரோடு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தினசரி வேலைக்குக் கம்பாட்டிபிள் இங்க்தான் ஊற்றுகிறேன். பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ், நாலுக்கு ஆறு என்று ஓடும் கடையில் ஒரிஜினல் இங்க் விலைக்குக் கட்டுப்படி ஆகாது. எந்தக் கோளாறு வந்தாலும் "லோக்கல் இங்க் ஊத்தினா இப்படித்தான்" என்று சர்வீஸ்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. மை நல்லதாகவும் ஒரே வகையாகவும் இருந்தால் பிரிண்டர் வருடக்கணக்கில் ஓடும். ஹெட்டைக் கொல்வது கலப்படமும் அவசரமும்தான்.

எப்சன் எல்805 மாதிரியான ஆறு கலர் மெஷினை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அதிகம் கிடப்பது அதுவும், அதன் பெரிய சைஸ் அண்ணன் எல்1800ம்தான். கறுப்பு, சியான், மெஜந்தா, மஞ்சள், லைட் சியான், லைட் மெஜந்தா என்று ஆறு நிறம். ஒவ்வொன்றுக்கும் 90 துளை, ஆக 540. நாசில் செக் தாளில் படிக்கட்டு மாதிரி இறங்கும் ஒவ்வொரு சின்னக் கோடும் ஒரு துளையின் வருகைப்பதிவு. எந்தத் துளை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதைப் பிரிண்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

ஒரு தாள் போதாது. அடுத்தடுத்து இரண்டு எடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் கோடு விட்டிருந்தால் அந்தத் துளை அடைத்திருக்கிறது. கிளீனிங் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். முதல் தாளில் ஓரிடம், இரண்டாம் தாளில் வேறிடம் என்று விடுபட்ட கோடு இடம் மாறினால் அடைப்பு கிடையாது. குழாயிலோ, ஹெட்டுக்கு மை வந்து சேரும் சின்ன அறையான டேம்பரிலோ காற்று நுழைந்திருக்கிறது. ஒரு நிறம் மொத்தமாகக் காணோமென்றால் 90 துளையும் ஒரே ராத்திரியில் அடைத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். ஏர் லாக், அல்லது டேம்பர் அடைப்பு, அல்லது ரப்பர் மூடி சரியாகப் பொருந்தவில்லை. மஞ்சள் கோடுகள் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ வந்தால் மூடியில் தேங்கிய கழிவு மை திரும்ப மேலே ஏறுகிறது என்று அர்த்தம். லைட் சியான் கோடுகள் சியான் அளவுக்கு அழுத்தமாக இருந்தால் யாரோ டேங்க் மாற்றி ஊற்றிவிட்டார்கள்.

காற்று என்றால் மருந்து பொறுமை. பிரிண்டரை பட்டனில் நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். குமிழி தானாக மேலே ஏறிவிடும். காலையில் ஒரே ஒரு கிளீனிங் கொடுத்தால் பல தடவை முழுக் கோடும் வந்துவிடுகிறது.

போன முகூர்த்த சீசனில் கோபி பக்கத்திலிருந்து ஒரு தம்பி எல்805ஐ டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்தார். "ஹெட் போயிருச்சுங்கண்ணா, புதுசு மாத்தோணும்னு சொல்லிட்டாங்க. சியான் நல்லாத்தான் வருதுங்க, பாதில நின்னு போகுதுங்க." அந்த 'பாதியில்' என்ற சொல்லைக் கேட்டதும் ஹெட் மேல் இருந்த சந்தேகம் எனக்குப் போய்விட்டது. நாசில் செக் எடுத்தோம். ஆறு நிறமும் முழுசாக வந்தது. ஏ4 முழுக்க நீல வானம் ஒன்றை அடிக்க விட்டோம். மேல் பாதி நீலம், அப்புறம் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக மங்கிக்கொண்டே போயிற்று. சியான் டேங்கின் ரப்பர் மூடியை லேசாகத் தளர்த்தி அதே படத்தைத் திரும்ப அடித்தோம். கடைசி வரைக்கும் நீலம்.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கித்தான் வரும். காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டும். இங்க் டேங்கிலும் அப்படி ஒரு காற்று வழி உண்டு. வண்டியில் சாய்த்துக் கொண்டுபோனதில் மை அந்த வழிக்குள் ஏறிக் காய்ந்திருந்தது. சின்னப் படத்துக்கு டேங்கில் இருக்கும் காற்றே போதும், பெரிய படம் அடிக்கும்போதுதான் மை இழுபடாமல் ஹெட் பட்டினி கிடக்கும். காற்று வழியைச் சுத்தம் செய்து அனுப்பினோம். ஹெட்டைத் தொடவே இல்லை. அந்தத் தம்பி ஹெட் மாற்றியிருந்தால் காசும் போய், சியானும் பாதியில் நின்றுகொண்டேதான் இருந்திருக்கும். மெஷினைத் தூக்கிப் போவதாக இருந்தால் டிரான்ஸ்போர்ட் வால்வை மூடுங்கள், மட்டமாக வைத்துக் கொண்டுபோங்கள்.

நிஜமாகவே அடைப்பு என்று தாள் சொன்னால் கிளீனிங் கொடுக்கலாம். இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் தாள் எடுத்துப் பாருங்கள். தேறாவிட்டால் அடுத்து நான் பார்ப்பது ரப்பர் மூடியை, அதாவது கேப்பிங்கை. பிரிண்ட் ஓடும்போது மின்சாரத்தை நிறுத்தினால் ஹெட் நடுவில் நின்றுவிடும், கையால் நகர்த்தலாம். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அப்படி நிறுத்தலாம். மூடியின் விளிம்பில் கெட்டியான மை பிசுக்கு இருக்கும். அதைப் பஞ்சு முனையால் துடைத்துவிட்டு, மூடிக்குள் டிஸ்டில்டு வாட்டரைத் துளித் துளியாக நிரப்புங்கள். பிரிண்டரை ஆன் செய்து ஒரு கிளீனிங் கொடுங்கள். திரும்பப் பார்க்கும்போது தண்ணீர் காணாமல் போயிருந்தால் பம்ப் வேலை செய்கிறது. அப்படியே தேங்கி நின்றால் பம்ப்போ அதற்குப் போகும் குழாயோ அடைப்பு. ஹெட்டுக்குச் செலவு செய்யும் முன் இந்தச் சோதனையைச் செய்தே தீர வேண்டும்.

தண்ணீர் என்றதும் குழாயைத் திறக்காதீர்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் பாத்திரமே வெள்ளை பூக்கிறது. அந்த உப்பு, கண்ணுக்குத் தெரியாத துளைக்குள் போனால் வெளியே வராது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும், ஆசிட் கலந்ததாக மட்டும் இருக்கக் கூடாது. சிரிஞ்ச் வைத்து ஹெட்டுக்குள் தண்ணீரை அடித்து ஏற்றுவதை யூடியூபில் பார்த்துச் செய்கிறார்கள். அழுத்தம் கூடினால் உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் பிரிந்துவிடும், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் காயாத ஹெட்டில் ரிப்பன் கேபிளைச் செருகி கரன்ட் கொடுப்பது இன்னும் மோசம்; ஹெட்டோடு சேர்ந்து போர்டும் போகும்.

கேனான் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எப்சன் ஹெட் பீசோ வகை, அதிர்ந்து மையைத் தள்ளுகிறது. கேனான் ஹெட் சூடாக்கித் தெறிக்க வைக்கிறது. 1977இல் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை ஊசியில் பட்டு மை பீய்ச்சியதைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. அந்தச் சூட்டைத் தணிப்பது உள்ளே வரும் மையேதான். அதனால் ஒரு நிறம் வராமல் இருக்கும்போது "இந்த ஒரு ஆர்டரை முடிச்சிடலாம்" என்று ஓட்டினால் ஹெட் வெந்துபோகும். எப்சனில் மன்னிக்கப்படும் அவசரம் அதில் மன்னிக்கப்படாது.

நாசில் தாள் பழுதில்லாமல் வந்தும் முகம் சிவந்து வருகிறதா? அப்போது மெஷினில் கோளாறு இல்லை, செட்டிங்கைப் பாருங்கள். அடிக்கடி நான் காண்பது, போட்டோஷாப்பும் கலரைத் திருத்துகிறது, பிரிண்டர் டிரைவரும் திருத்துகிறது. இரண்டு பேர் திருத்தினால் படம் கெடும். போட்டோஷாப் பார்த்துக்கொள்ளும் என்றால் டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' வைத்துவிடுங்கள். அடுத்தது பேப்பர் வகை. அது வெறும் பெயர் என்று நினைத்து எதையாவது தேர்வு செய்கிறார்கள். எவ்வளவு மை கொட்ட வேண்டும் என்று தீர்மானிப்பதே அந்தத் தேர்வுதான். மலிவான கிளாஸி பேப்பரில் ஒரிஜினல் பிரீமியம் பேப்பருக்கான செட்டிங் வைத்தால் கருமை இடங்களில் மை தேங்கிப் பளபளக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நிறம் சாய்கிறதென்றால் அந்த மைக்கும் அந்தப் பேப்பருக்கும் நிறத்தைப் பொருத்தித் தரும் ஐசிசி புரொஃபைல் வேண்டும். பிரிண்டரோடு வரும் புரொஃபைல் ஒரிஜினல் மைக்காகச் செய்தது. கம்பாட்டிபிள் மையின் மெஜந்தா அதே மெஜந்தா அல்ல. கலர் பேட்ச் தாள் அடித்துக் கொடுத்தால் கருவி வைத்து அளந்து புரொஃபைல் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை செலவு. ஆனால் அதற்கப்புறம் மை பிராண்டை மாற்றக் கூடாது. மாற்றினால் அந்தப் புரொஃபைல் குப்பைக்குத்தான். நாலு கடையில் நாலு பாட்டில் வாங்கி ஊற்றுபவர்களுக்கு எந்தப் புரொஃபைலும் உதவாது. டை இங்க் டேங்கில் பிக்மென்ட் இங்க் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரு சொட்டும் கலக்கக் கூடாது.

வேஸ்ட் பேட் நிரம்பிவிட்டது என்று லைட் மாறி மாறி மின்னினால் சாஃப்ட்வேரில் கவுன்ட்டரை மட்டும் ரீசெட் செய்கிறார்கள். கணக்குதான் பூஜ்யமாகும், பேடில் இருக்கும் மை அங்கேயேதான் இருக்கும். பேடை மாற்றிவிட்டு ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால் மை மேஜை வழியாக ஒழுகும்.

கடையை மூடும்போது மெயின் சுவிட்சைத் தட்டாமல் பிரிண்டரின் சொந்தப் பட்டனில் நிறுத்துங்கள். அப்போதுதான் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும். பிரிண்ட் நடுவில் கரன்ட் போனால், வந்தவுடன் ஆன் செய்து ஹெட்டை வீடு சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். ஏசி அறை என்றால் கூடுதல் கவனம். காய்ந்த காற்று துளை வாயில் மையைக் கெட்டியாக்கும். வேலை இல்லாத நாட்களிலும் ஆறு நிறமும் வருகிற ஒரு சின்னப் படம் அடித்துவிடுங்கள்.

கடைசியாக நிறம் மங்குவது. 2000ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் ஒரிஜினல் மை, ஒரிஜினல் பேப்பரில் அடித்த படங்களே சிலரிடம் சில வாரங்களில் ஆரஞ்சாகிப் போயின. காற்றில் இருக்கும் ஓசோன் சியானைத் தின்றுவிட்டது. ஆகவே மங்குவது லோக்கல் இங்கின் தனிக் குணம் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் மையின் ஆயுளைக் கூட்டியிருக்கின்றன, கம்பாட்டிபிள் இங்க் விற்பவர்கள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. படம் சிவந்து மங்கினால் பெரும்பாலும் காற்றின் வேலை. பச்சையாகவோ நீலமாகவோ மங்கினால் வெளிச்சம் மெஜந்தாவை அடித்திருக்கிறது. லேமினேஷனும் கண்ணாடியும் காற்றைத் தடுக்கும், வெளிச்சத்தை முழுக்கத் தடுக்காது. அடித்த படத்தை ஒரு நாளாவது காயவிட்ட பிறகே கண்ணாடிக்குள் வையுங்கள்.

ஸ்டுடியோ நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. ஆதார் வேலைக்கும் பள்ளிக்கூட வேலைக்கும் தாராளமாகக் கம்பாட்டிபிள் இங்க் போடுங்கள். ஆனால் இறந்துபோன அப்பா படம், அம்மா படம் என்று மாலை போட்டுச் சுவரில் மாட்டக் கேட்டு வருகிறவர்களுக்கு அதில் அடித்துக் கொடுக்காதீர்கள். பல வீடுகளில் அந்த ஒரு படம்தான் இருக்கும், எதிரே டியூப்லைட்டோ ஜன்னலோ இருக்கும். அந்த வேலையை ஒரிஜினல் மையில் அடியுங்கள், இல்லையென்றால் லேபுக்கு அனுப்பிப் போட்டோ பேப்பரில் எடுத்துக் கொடுங்கள். காசு கொஞ்சம் கூடும், ஏன் என்று சொல்லிக் கேளுங்கள். நான் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை.