எக்கோ பெட்டிக்கு ஒயர் கொடுப்பது எப்படி?



எதிரொலி பாடம் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவரோ மலையோ குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருந்தால்தான் நாம் கத்தியது தனியாகத் திரும்பக் கேட்கும். ஆனால் எங்க ஊர் கோயில் கொடை வெட்டவெளியில்தான் நடக்கும். அங்கே வில்லுப்பாட்டுக்காரர் குரல் மட்டும் பெரிய மண்டபத்துக்குள் பாடுவது போல முழங்குதே, அது எப்படி? என் மாமா மைக்செட் வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டதை எழுதுகிறேன்.

அது எக்கோ பெட்டியின் வேலை. ஸ்டுடியோவில் எஃபெக்ட்ஸ் பிராசசர் என்பார்கள். வந்த குரலை எண்களாக மாற்றி நினைவில் வைத்து, சற்றுத் தாமதமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே விடும்.

உங்களுக்குத் தெரியுமா? 1957-ல் ஜெர்மனியில் இஎம்டி 140 என்ற கருவி வந்தது. அதில் பெரிய இரும்புத் தகடு அதிர்ந்து முழக்கம் தரும். எடை சுமார் 270 கிலோ! இப்போது அந்த வேலையைக் கையில் தூக்கும் பெட்டி செய்கிறது.

இணைக்கும் முறை:

1. முதலில் எல்லா சுவிட்சும் ஆஃப். எல்லாத் திருகும் பூஜ்யம்.

2. மிக்சரில் 'சென்ட்' என்ற துளையிலிருந்து எக்கோ பெட்டியின் 'இன்புட்'டுக்கு ஒரு ஒயர். குரல் இதன் வழியே போகும்.

3. பெட்டியின் 'அவுட்புட்'டிலிருந்து மிக்சரின் 'ரிட்டர்ன்' துளைக்கு இன்னொரு ஒயர். அந்தத் துளை இல்லாவிட்டால் காலியாக உள்ள ஒரு சேனலில் சொருகலாம்.

4. பெட்டியில் 'மிக்ஸ்' திருகை முழுசாக எக்கோ பக்கம் வைக்க வேண்டும். ஏன்னா, அசல் குரல் ஏற்கெனவே மிக்சர் வழியாக நேரே போய்விடும்.

5. எக்கோ திரும்பி வரும் சேனலில் 'சென்ட்' திருகு கண்டிப்பாகப் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இது ரொம்ப முக்கியம்!

6. ஆன் செய்யும்போது ஆம்ப்ளிஃபயர் கடைசி. ஆஃப் செய்யும்போது அதுதான் முதல். மாற்றிச் செய்தால் 'டப்' என்று அடித்து ஸ்பீக்கர் கெட்டுப்போகலாம்.

மைக் ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. கட்டினால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். கரண்ட் பிளக்கைப் பெரியவர்கள்தான் சொருக வேண்டும்.

ஐந்தாவது விதியை நான் மறக்கவே மாட்டேன். இந்தக் கொடையில் வில்லுப்பாட்டு தொடங்கும் நேரம் ஸ்பீக்கர் 'ஊய்ய்' என்று கத்தியது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். கமிட்டித் தாத்தா, "அடுத்த வருசம் டவுன் செட்டுதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மாமா பதற்றத்தில் மைக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார். நிற்கவில்லை. நான் மிக்சரைப் பார்த்தேன். எக்கோ வரும் ஆறாவது சேனலில் 'சென்ட்' திருகு பாதி ஏறி இருந்தது. வெளியே வந்த எக்கோ மறுபடி பெட்டிக்குள் போய், இன்னும் பெரிசாகி, சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. திருகைக் குறைத்தேன். சத்தம் நின்றது.

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ஆனால் மத்தியானம் துணியால் மிக்சரைத் துடைத்தது நான்தான். அப்போதுதான் திருகு நகர்ந்திருக்கும். பயத்தில் சொல்லவில்லை. ராத்திரி தூக்கமே வரல. காலையில் மாமாவிடம் சொன்னேன். "தொடச்சது தப்பில்ல பிள்ள. தொடச்ச பெறகு ஒருக்கா பாக்கணும். நானும் பாக்கலியே" என்றார். கமிட்டித் தாத்தாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் "பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

யோசியுங்கள்: எக்கோ பெட்டியில் தாமதம் அரை நொடி. இதே எதிரொலி இயற்கையாகக் கேட்க, மலை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? (விடை: 85 மீட்டர். போய் வரும் தூரம் 170 மீட்டர்!)



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி