இரவுச் சாப்பாடும் கெட்ட கனவும்



கனவுகள் மூன்று வகை என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியுள்ளார்கள். அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி ஒன்று. கவலையூட்ட ஷைத்தான் காட்டுவது ஒன்று. மனிதன் தன் உள்ளத்தோடு தானே பேசிக்கொள்வது மூன்றாவது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. நாம் முதல் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை மறந்துவிடுகிறோம்.

விளைவு என்ன? பயங்கரக் கனவு கண்டதும் "யாரோ ஸிஹ்ர் செய்துவிட்டார்கள்" என்று முடிவு கட்டி, கனவில் முகம் தெரிந்த நாத்தனாரோடு பேச்சை நிறுத்திய குடும்பங்கள் உண்டு. உறவைத் துண்டிப்பது பெரும்பாவம். அதற்கு ஆதாரம் ஒரு கனவா? தாவீஸ் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" சிலருக்குக் கோபம் வரும். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கடை அடைத்து வந்து 11.30 மணிக்குப் பரோட்டா சால்னா, 12 மணிக்குப் படுக்கை.

சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க 2 முதல் 4 மணி நேரம் ஆகும். எண்ணெயும் கொழுப்பும் கூடினால் இன்னும் தாமதம். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறி, நெஞ்சு எரிந்து, தூக்கம் திரும்பத் திரும்பக் கலையும். நிம்மதியாக உறங்குபவருக்கும் கனவு வருகிறது, விடிவதற்குள் மறந்துவிடுகிறது. கனவின் நடுவே விழித்தவருக்கு அது அப்படியே நினைவில் நிற்கிறது. எனவே சாப்பாடு கனவை உண்டாக்குகிறது என்பதைவிட, கனவின் நடுவே நம்மை எழுப்பிவிடுகிறது என்று சொல்லலாம். எல்லாக் கனவையும் வயிற்றின் கணக்கில் எழுதச் சொல்லவில்லை. வயிற்றையும் விசாரியுங்கள் என்கிறேன்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி திர்மிதியில் உள்ளது. இரவில் அந்த மூன்றாவது பங்கைத்தான் நாம் பிரியாணிக்குக் கொடுத்துவிடுகிறோம். இரவு உணவுக்குப் பின் நூறு அடியாவது நடக்க வேண்டும், உடனே உறங்குவது பெரும் கேடு என்று மருத்துவர்கள் கூறியதை இப்னுல் கய்யிம் (ரஹ்) ஸாதுல் மஆதில் எடுத்து எழுதுகிறார்கள். முஸ்லிம் மருத்துவர்கள் நடைக்குப் பதிலாகத் தொழலாம் என்றும் சொன்னார்களாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உண்டதும் உறங்கினால் உள்ளம் இறுகிவிடும் என்று ஒரு செய்தி பயான்களில் ஓடுகிறது. இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அதை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்திருக்கிறார்கள். இரவு உணவை விட்டால் முதுமை வரும் என்ற செய்தியையும், அதைப் பதிவு செய்த திர்மிதி இமாமே முன்கர் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல கருத்தாக இருந்தாலும் நபியவர்கள் பெயரில் சொல்ல நமக்கு உரிமையில்லை.

இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது புகாரியில் உள்ளது. அப்படியானால் சாப்பாட்டுக்குப் பொருத்தமான நேரம் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில்தானே! இஷாவுக்குப் பள்ளிக்கு நடந்து வந்து தொழுது திரும்பினால் வயிறு பாதி இறங்கியிருக்கும். கடை வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரவழைக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றுங்கள்.

அதன் பிறகும் கெட்ட கனவு வந்தால்? இடப்பக்கம் மூன்று முறை இலேசாக உமிழ்ந்து, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, புரண்டு படுக்க வேண்டும். எவரிடமும் சொல்லக் கூடாது. தன் தலை வெட்டப்பட்டு உருள, அதன் பின்னால் தான் ஓடியதாகக் கனவு கண்டு வந்தவரிடம் நபியவர்கள் எதிரி யாரென்று தேடச் சொல்லவில்லை. உறக்கத்தில் ஷைத்தான் விளையாடியதை மக்களிடம் சொல்லாதே என்று அனுப்பிவிட்டார்கள்.

உளூவுடன் வலப்பக்கம் சாய்ந்து படுப்பது சுன்னத். நெஞ்செரிச்சல் உள்ளவர்களை இடப்பக்கம் படுக்கும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு. பாவமாகுமா என்று கேட்கிறார்கள். ஆகாது. வலப்பக்கம் படுத்து துஆ ஓதிவிட்டுத் திரும்பிக்கொள்ளுங்கள்.