படிக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?



கையெழுத்துப் போடக் கற்றோம். பாஸ்புக் பார்க்கக் கற்றோம். ஆனால் மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டையும் சொல்வது நமக்குப் புரிகிறதா? இதற்குப் பெயர்தான் உடல்நல எழுத்தறிவு. டான் நட்பீம் என்ற அறிஞர் 2000-ம் ஆண்டில் இதை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்.

முதல் நிலை: சொன்னதைப் புரிந்து, அதன்படி செய்வது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அதையே ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப்போகும். பிள்ளை உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் நிலை: கேட்டுத் தெரிந்து, நம் வாழ்க்கைக்குப் பொருத்திக்கொள்வது. ரத்தக்கொதிப்பு உள்ளவரிடம் "உப்பைக் குறைங்க" என்கிறார் டாக்டர். "அப்போ கருவாடு சாப்பிடலாமா? தலைசுத்தல் நின்னுட்டா மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்கிறவர் இந்த நிலைக்கு வந்துவிட்டார். (டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.)

மூன்றாம் நிலை: 'ஏன்?' என்று அலசி, சேர்ந்து செயல்படுவது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் "தண்ணி நிறையக் குடிங்க" என்று சொன்னால் மட்டும் போதுமா? ஒதுங்க இடமில்லை என்றால் தாகத்தை அடக்கத்தான் செய்வாள். நீர்க்கடுப்பு வரத்தான் செய்யும். குடிதண்ணீர், நிழல், கழிப்பறை வேண்டும் என்று குழுவாகக் கேட்பதும் உடல்நல அறிவுதான்.

எப்படி அளப்பது?

அமெரிக்காவில் ஐஸ்கிரீம் டப்பா லேபிளைக் காட்டி ஆறு கேள்விகள் கேட்டு அளக்கும் முறை 2005-ல் வந்தது. நமக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டே போதும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்:

1. இதை எவ்வளவு தண்ணீரில் கரைக்கணும்? கரைத்ததை எவ்வளவு நேரம் வைக்கலாம்? (பாக்கெட்டில் போட்டுள்ள அளவு, 24 மணி நேரம்.)

2. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் நர்சிடம் என்னென்ன கேட்பீங்க?

3. நம் தெருவில் வயிற்றுப்போக்கு அடிக்கடி வந்தால் காரணம் என்னவாக இருக்கும்? குழு என்ன செய்யலாம்?

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பாக்கெட்டை வாசித்துக் காட்டி, "இப்போ நீங்க எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்று கேளுங்கள். படித்தவரைவிட அவர் தெளிவாகச் சொல்லக்கூடும். யாரையும் குறைத்துப் பேச வேண்டாம். பதிவேட்டில் பெயர் வேண்டாம். எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிற தன்னார்வலர்களும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். மாத்திரையை வாங்கி வைப்பதோடு நிற்காமல், அவரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேட்டதை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.