ஏமாற்றாத மாயவித்தைக்காரர்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. மக்களின் கண்ணை மயக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இவ்வுண்மையை ஊருக்கு உணர்த்தினார். அவரே இங்கிலாந்து நாட்டு மாயவித்தைக்காரர் ஜான் நெவில் மாஸ்கலின்.

இவர் 1839-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் செல்ட்டன்ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். கடிகாரத் தொழிலைக் கற்றார். சின்னஞ்சிறு சக்கரங்களின் இயக்கத்தை ஆராய்ந்த பழக்கமே பிற்காலத்தில் இவருக்குக் கைகொடுத்தது.

அது விக்டோரியா மகாராணியின் காலம். இறந்தோரின் ஆவிகளுடன் பேசலாம் என்று பலர் நம்பிய காலம். அன்புக்குரியவர்களை இழந்து வாடியோரின் கண்ணீரைச் சிலர் காசாக்கினர்.

1865-இல் அமெரிக்காவைச் சேர்ந்த டேவன்போர்ட் சகோதரர்கள் செல்ட்டன்ஹாமுக்கு வந்தனர். கைகால்கள் கயிற்றால் கட்டப்பட்ட நிலையில் இருவரும் ஒரு மர அலமாரியினுள் அமர்வர். கதவை மூடியதும் உள்ளே இசைக் கருவிகள் ஒலிக்கும். வெளியே வந்தும் விழும். கதவைத் திறந்தால் இருவரும் கட்டுண்டபடியே இருப்பர்! இது ஆவிகளின் செயல் என்று கூட்டம் வியந்தது. அச்சமயம் சன்னல் திரை சற்று விலகி ஒளி உள்ளே பாய்ந்தது. சகோதரர்களுள் ஒருவர் தம் கையாலேயே கருவியை வீசுவதை மாஸ்கலின் கண்டுகொண்டார். "ஆவியின் துணையின்றி இதை நானே செய்து காட்டுவேன்" என்று சபையோர் முன் அறிவித்தார். நண்பர் ஜார்ஜ் குக்குடன் பயிற்சி செய்து, அவ்வாண்டு ஜூன் மாதமே சொன்னபடி செய்து காட்டினார்.

பின்னர் 1873 முதல் 31 ஆண்டுகள் இலண்டன் மாநகரின் எகிப்திய மண்டபத்தில் இவர் காட்சிகள் நடந்தன. 1875-இல் 'சைக்கோ' என்ற பொம்மை மேடையேறியது. கண்ணாடிக் குழாயின் மேல் அமர்ந்து அது சீட்டு விளையாடியது, கணக்கும் போட்டது. காற்றழுத்தத்தால் இயங்கிய பொறியே அது.

பூட்டிய பெட்டியிலிருந்து வெளிவரும் தம் வித்தையைச் செய்து காட்டுவோருக்கு 500 பவுன் தருவதாகவும் இவர் அறிவித்தார். இரு இளைஞர்கள் செய்து காட்டினர். தம் முறை அதுவன்று எனப் பணம் தர மறுத்தார். ஆனால் வழக்கில் தோற்றார். கொடுத்த வாக்கு பெரியவர்களையும் கட்டும் அன்றோ!

1914-இல், தெய்வீக ஆற்றல் உண்டெனக் கூறி ஏமாற்றுவோரை ஆராய ஒரு குழுவை அமைத்தார். 1917 மே 18-ஆம் நாள் மறைந்தார்.

ஆவிகளை அழைத்துக் குறி கேட்பது தவறு என மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். விசுவாசம் வேறு, மூடநம்பிக்கை வேறு. "இது வித்தை" என்று சொல்லிக் காட்டினால் அது கலை. "இது தெய்வச் செயல்" என்று சொல்லிப் பணம் பறித்தால் அது வஞ்சகம். துயரத்தில் இருப்போரை வஞ்சிப்பது அதனினும் கொடிது. ஆகவே தோழியரே, எதையும் "எப்படி?" என்று கேட்டு, தீர விசாரித்து அறிவோமாக!