சிறு பார வண்டியும் அது தாங்கும் சுமையும்

நம் கிராமங்களில் விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வேலையை முற்காலத்தில் மாட்டு வண்டிகள் செய்து வந்தன. சக்திக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றினால் மாடு நின்றுவிடும், அடித்தாலும் நகராது. எவ்வளவு ஏற்றலாம் என்பதை வண்டிக்காரர் மாட்டைப் பார்த்தே அறிந்துகொண்டார். 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் என்னும் சிறு வண்டி வெளிவந்த பின்னர், மக்கள் ‘குட்டி யானை’ என்றழைக்கும் அவ்வகை வண்டிகளும், அவற்றினும் சற்றுப் பெரிய பிக்கப் வண்டிகளும் ஊர்தோறும் பெருகிவிட்டன. இவற்றில் வரம்பிற்கு மேல் பாரம் ஏற்றினாலும் இயந்திரம் முனகிக்கொண்டேனும் இழுத்துச் சென்றுவிடும். இழுக்கிறது, ஆகவே தாங்கும் என்று எண்ணிவிடுகிறோம். அபாயம் தொடங்குவது இங்கேதான். பிரேக், அச்சு, டயர், அடிச்சட்டம், வில் பட்டை ஆகியவற்றுள் எது மிக மெலிந்ததோ, அதை ஒட்டியே வண்டியின் சுமை வரம்பு வகுக்கப்படுகிறது.

பதிவுச் சான்றில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று பாரத்தோடு வண்டி அடையக்கூடிய மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து வருவதே ஏற்றத்தக்க சரக்கு என்று பலர் கணக்கிடுகின்றனர். அது சரியன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வெறும் வண்டியின் எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர்வதில்லை. ஒரு வண்டியின் மொத்த எடை 1,550 கிலோ, வெறும் எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 750 கிலோ. முன்னால் அமரும் இருவருக்கு 130 கிலோவைக் கழித்தால் 620 கிலோ மிஞ்சும். வாங்கிய பிறகு இரும்புக் கம்பிகளால் பக்கங்களை உயர்த்தியிருந்தால் அதன் எடையையும், தார்ப்பாய், கயிறு முதலியவற்றின் எடையையும் கழித்தாக வேண்டும். அவை 70 கிலோ என்றால் சரக்கிற்கு எஞ்சுவது 550 கிலோ. 50 கிலோ சிமெண்ட் மூட்டையானால் 11. 45 கிலோ யூரியா மூட்டையானால் 12. நெல் கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையானால் 13. ‘முக்கால் டன் வண்டிதானே’ என்று 15 சிமெண்ட் மூட்டைகளை ஏற்றுபவர், தாம் அறியாமலேயே 200 கிலோ மிகையாக ஏற்றுகிறார். இருபது மூட்டை ஏற்றுவோரும் உளர்.

கோடைக்காலத்தில் பஞ்சாயத்துகள் தண்ணீர் வழங்கும்போது இக்கணக்கு மிக முக்கியமாகிறது. தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ எடையுள்ளது. 1,000 லிட்டர் தொட்டியை நிரப்பினால், தொட்டியின் எடையைச் சேர்க்காமலே ஒரு டன். மேற்சொன்ன வண்டிக்கு 500 லிட்டர் தொட்டியே தகும். பெரிய தொட்டியில் பாதி நிரப்பிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோதும். வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே புரட்டிவிடக்கூடும். சிறிய தொட்டியை முழுதும் நிரப்பிச் செல்வதே நலம். செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. ஆகவே 180 கல்லுக்குமேல் இவ்வண்டியில் ஏற்றலாகாது. மணல் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, உலர்ந்த நிலையிலேயே ஏறத்தாழ 4½ டன் இருக்கும். மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும்.

பாரத்தின் அளவைப் போலவே அது இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. மூங்கில், இரும்புக் குழாய், மரச்சட்டம் ஆகியவற்றைப் பின்கதவைத் திறந்து வெளியே நீட்டிக் கட்டுவது வழக்கமாக உள்ளது. இது துலாக்கோலின் தத்துவந்தான். முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடையே 210 செண்டிமீட்டர் தூரம் உள்ள வண்டியில், 300 கிலோ பாரத்தின் நடுப்புள்ளி பின் அச்சிற்கு 70 செண்டிமீட்டர் பின்னால் அமைந்துவிட்டால், முன் சக்கரங்களின் மீதுள்ள எடை 100 கிலோ குறைந்துவிடும். பின் அச்சிலோ 400 கிலோ ஏறும். வண்டியைத் திருப்புவன முன் சக்கரங்களே. அவை தரையை அழுத்தாதபோது, ஓட்டுநர் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஆகவே கனமான சாமான்களை முன்பக்கத் தடுப்பை ஒட்டி, தாழ்வாக, இருபுறமும் சமமாக அடுக்க வேண்டும்.

பின்பக்கம் தாழ்கிறது என்று பட்டறையில் கூடுதல் வில் பட்டை போட்டுக்கொள்வோர் பலர். இதனால் வண்டி நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மையே. ஆயினும் பிரேக் பழைய பிரேக்; அச்சும் டயரும் பழையன; பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் மாறுவதில்லை. வண்டி தாழ்வது மிகைப்பாரத்தைக் கண்ணுக்குக் காட்டும் அடையாளம். கூடுதல் பட்டை அந்த அடையாளத்தை மறைத்துவிடுகிறது. டயரின் பக்கவாட்டில் அது தாங்கும் எடைக்குரிய குறியெண் அச்சிடப்பட்டிருக்கும். 100 என்ற குறி 800 கிலோவையும், 91 என்ற குறி 615 கிலோவையும் காட்டும். காற்று குறைந்த டயர் அவ்வளவு தாங்காது.

இனி இழுவையைப் பற்றிச் சிறிது கூறுவோம். கட்டட வேலைக்குரிய கலவை இயந்திரத்தைச் சிறு வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்வதைக் காண்கிறோம். வண்டியின் கையேட்டில் இழுவை எடை கூறப்படவில்லையானால், இழுப்பதற்கென்று அவ்வண்டி செய்யப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். கூறப்பட்டிருந்தாலும் கொக்கியின் மீது அழுத்தும் எடையைச் சரக்குக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரு சக்கர டிரெய்லரில் அது மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருப்பது நலம். டிரெய்லரில் பாரத்தைப் பின்னால் குவித்தால் கொக்கியில் அழுத்தம் குறைந்து, வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பைப்போல் நெளியத் தொடங்கும். டிராக்டரில் வேறோர் அபாயமும் உண்டு. இழுவைச் சங்கிலியை அதற்குரிய தாழ்ந்த கொக்கியில் மாட்டாமல் உயரத்தில் கட்டினால் முன் சக்கரங்கள் எழும்பி, டிராக்டர் ஓட்டுபவர்மேலேயே மல்லாந்து கவிழும்.

பிரேக் இல்லாத டிரெய்லரின் பாரத்தையும் இழுக்கும் வண்டியின் பிரேக்கே நிறுத்தியாக வேண்டும். பாரம் இரட்டித்தால் பிரேக்கில் எழும் வெப்பமும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய சாலையில் மிகைப்பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், கீழ் வளைவுகளை அடையும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமற்போகும். சரிவு தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

சாலைகளின் பொறுப்பு பஞ்சாயத்துகளுக்கும் உண்டாதலால் இதையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் அமைத்து, அவற்றின்மீது லாரிகளைத் தொடர்ந்து ஓட்டி ஆராய்ந்தனர். அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது அவ்வாராய்ச்சியிலிருந்து பெறப்பட்டது. ஐந்தில் ஒரு பங்கு மிகையானாலே சேதம் இரு மடங்காகிவிடும். குட்டி யானையால் சாலைக்கு வரும் கேடு அற்பமே. சாலையை அழிப்பவை அளவு மீறிய டிப்பர்களும் டிராக்டர் டிரெய்லர்களும்தாம். பஞ்சாயத்து வேலைக்கு ஜல்லி கொண்டுவரும் வண்டியே பஞ்சாயத்து ரோட்டைக் குலைப்பது விநோதமன்றோ! ஒப்பந்தக்காரரிடம் எடைச் சீட்டைக் கேட்டு வாங்குவதில் உறுப்பினர்கள் தயக்கம் காட்ட வேண்டியதில்லை.

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி மிகைப்பாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிகைச் சரக்கை இறக்கும்வரை வண்டியை நகர்த்த விடமாட்டார்கள். இறக்கும் கூலியும் நம்முடையதே. ஓட்டுபவரைப் போலவே, ஓட்டச் செய்பவரும் குற்றத்திற்கு உட்படுவார். சரக்கின் மேல் ஆட்களை ஏற்றுவதும் நிற்க வேண்டும். சரக்கு வண்டியில் கட்டணமின்றி ஏறிச் செல்வோருக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்துள்ளது. திருவிழாவிற்கும் களையெடுப்பிற்கும் வண்டியில் ஏறிச் செல்லும் பெண்களுக்கு இதை எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு.

ஐயம் உள்ளவர்கள் அருகிலுள்ள எடைமேடைக்கு வண்டியை ஒருமுறை கொண்டுசெல்லட்டும். முதலில் வெறும் வண்டியை, உள்ளபடியே இருவர் அமர்ந்த நிலையில் நிறுத்து, பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் உண்மையான சரக்கு அளவு கிடைக்கும். பின்னர் வழக்கமான பாரத்தை ஏற்றி, முழு வண்டியை ஒரு முறையும், பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு முறையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். முன் அச்சிற்கு வரும் எடை, வெறும் வண்டியின்போது இருந்ததைவிடக் குறைந்திருந்தால், பாரத்தை முன்னோக்கித் தள்ளி அடுக்கி மறுபடியும் நிறுத்துக்கொள்ளலாம். கிடைத்த கிலோக் கணக்கை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வண்ணத்தால் எழுதிவைத்தால், மூட்டை ஏற்றுபவரோடு ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிராது.